தபால் பையில் உளுந்துருண்டை

எட்டாம் வகுப்பு தேறின கையோடு அப்பா என்னைப் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா வில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பருத்திப் பொதி ஏற்றிப்போகும் வண்டிக்காரர். உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை என்பது அவருடைய எண்ணம். அவரும் நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் அது அவருக்கு உட்கார்ந்ததாகத் தோன்றவில்லை.

எனக்கு உட்கார வராது. சம்மணம் போட்டு, சாய்வுப் பலகையை மடியில் வைத்து எழுத வேண்டும். அரை மணி தாண்டினால் முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். நான் ஆட்டுவதில்லை, அதுவாக ஆடும். மூன்றாவது மாதம் ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தபோது பலகை துள்ளி மைக்கூடு சரிந்தது. ஒருத்தருடைய கிணறும், கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதையும் மைக்குள் மறைந்துவிட்டன. பத்திரம் எழுதுகிறவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இரி. கால் அடங்கினதும் வா" என்றார். வேலை போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வா என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பலகை எனக்காக அங்கேயே காத்திருந்தது.

யுத்தம் தொடங்கிய சமயம் அது. செண்பகத்தோப்புக்கு மேலே மலையில் ஏலமும் காப்பியும் போட்ட ஒரு எஸ்டேட் இருந்தது. அதற்குத் தபால் சுமந்துகொண்டிருந்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எஸ்டேட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு சின்ன ஆபீசும், அதில் ஒரு ரைட்டரும் உண்டு. காலை ரயிலில் வருகிற தபாலை வாங்கி, தன் கடிதங்களையும் சேர்த்து, கித்தான் பையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்து அவர் கொடுப்பார். அப்போது மணி எட்டு, எட்டரை ஆகியிருக்கும். பத்து மைல், அதில் கடைசி நாலு மைல் ஏற்றம். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேலே கூலியாட்களுக்கு மணி அடிப்பார்கள். அந்த மணிக்கு முன்னால் பை பங்களாவுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் மேனேஜர் படித்துப் பதில் எழுதி, அதைச் சுமந்து இறங்கி, சாயந்திர ரயிலுக்குச் சேர்க்க முடியும்.

இரண்டு பேரைப் பரீட்சைக்கு எடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு ஒரு நடை. ஒரு மாதம் பார்த்து மேனேஜர் ஒருவரை வைத்துக்கொள்வார். ஒருவன் நான். இன்னொருவர் ராஜபாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கைநாட்டு. ரயில் ரோட்டு ஓரமாகவே ஏழு மைல் ஓடிவந்துதான் பையையே வாங்குவார். பரீட்சை முதல் நாள், ஆபீஸ் வாசலில் நான் குனிந்து காலை உருவி விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஒரேய், ஓடுறதுக்கு முன்னாடியே நோகுதா?" என்று கேட்டார். அவர் சட்டையில் வியர்வைகூட இல்லை.

முதல் நாலு நடையும் எனக்கு மணி பிந்தித்தான் போனது. தோப்புகளுக்குள் சமநிலத்தில் நன்றாக ஓடினேன். ஓடையைத் தாண்டி மூங்கில் காடு வரையும் குறைவில்லை. அதற்கு மேல் ஒரு வழுக்குப்பாறை உண்டு. அங்கே போனதும் உடம்பு என்னைக் கேட்காது. கால் பஞ்சாகும். கை நடுங்கும். வெயிலிலேயே வியர்வை சில்லென்று ஆகும். பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மேலே மணி அடிக்கிற சத்தம் கேட்கும். அந்த மணி இப்போதும் வயிற்றில்தான் கேட்கிறது எனக்கு.

காலையில் ஒரு சொம்பு கம்பங்கூழ் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பதினொரு மணிக்கு அது போன இடம் தெரியாது. சோறு கட்டிப் போனால் உட்கார்ந்து தின்ன வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, எழுந்தாலும் வயிறு முன்னால் போகும், கால் பின்னால் வரும். ஒரு கையில் கம்பு இருக்கும். இன்னொரு கை பையின் வாரைப் பிடித்திருக்கும். செத்த நேரம் அந்தக் கையை விடுவித்து, நடந்தபடியே வாயில் போடக்கூடியதாக ஒன்று வேண்டும். தண்ணீர் கேட்காததாக இருக்க வேண்டும். ராத்திரி படுத்தால் இதே யோசனை. பாயில் படுத்தபடியே கால் ஓடும்.

அவலையும் வெல்லத்தையும் பிசைந்து கொண்டுபோனேன். கை நடுக்கத்தில் பாதி மண்ணுக்குப் போயிற்று. கடலை மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டு நாக்கை வறட்டியது. ஒருநாள், ஊரே பேர் சொல்கிற பண்டமாயிற்றே என்று தேக்கிலையில் பால்கோவா வாங்கிப் போனேன். தின்னும்போது சுகமாகத்தான் இருந்தது. பிறகு வந்த தாகத்தில் ஓடையில் மாடு மாதிரி குடித்தேன். வயிற்றில் தண்ணீர் குலுங்குகிற சத்தம் மேலே போகிற வரை கூடவே வந்தது. அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட அதிகமாகப் பிந்தினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த வாரத்தில்தான் என் தங்கச்சி பெரிய மனுஷியானாள்.

கொல்லையில் தென்னங்கிடுகுத் தட்டி வைத்துக் குச்சு கட்டி அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். பதினாறு நாள் ஆண்பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் பெண்ணுக்கு உளுந்தைத் தவிர வேறு பேச்சில்லை. இடுப்புக்கு பலம் என்று உளுந்தங்களி, உளுந்துருண்டை, ராப்பகலாகக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாமன் வீட்டிலிருந்து எண்ணெய் ஒரு தூக்குப் போணி நிறைய வந்தது. அம்மாவுக்கு உரலடியிலேயே வேலையாகப் போயிற்று. எனக்குக் கூழ் கரைக்க ஆளில்லை. ஒருநாள் காலை அடுக்களையில் மூடி வைத்திருந்த தட்டிலிருந்து நாலு உருண்டையை எடுத்து, வாழைச்சருகில் பொதிந்து மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். பசிக்கு எடுத்ததுதான். வேறு யோசனை எதுவும் இல்லை.

மூங்கில் காட்டில் ஒன்று, பாறைக்குக் கீழே ஒன்று. கருக வறுத்த உளுந்தின் வாசம், கருப்பட்டி, நடுவில் சுக்கின் காரம். எண்ணெய் இருந்ததால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் தேடவில்லை. வழுக்குப்பாறையில் வழக்கமாக நிற்கிற இடம் வந்தது, நான் நிற்கவில்லை. பயந்துகொண்டே ஏறினேன், இதோ கால் விடும், இதோ விடும் என்று. விடவில்லை. பங்களா முற்றத்தில் நான் பையை இறக்கி வைத்த பிறகுதான் மணி அடிக்கிற ஆள் கயிற்றை நோக்கி நடந்துபோனார். அவர் நடப்பதை நான் நின்று பார்த்தேன்.

சாயந்திரம் கொல்லைப்பக்கம் போனேன். கிடுகுக்கு உள்ளே இருந்து குரல் வந்தது.

"அண்ணே, என் தட்டுல நாலு கொறையுது."

"எலி தின்னிருக்கும்."

"வேட்டி கட்டின எலியா? அம்மா பாத்துட்டா."

"பசிச்சதுட்டி. எடுத்தேன்."

"எடுத்தா எடு. ஆனா ஒனக்கு இடுப்பு பெருத்துரும், பொறவு பாவாடதான் கட்டணும்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "நெசமாவா? பாறையில நிக்கலியா?" என்று கேட்டாள். பிறகு மேலே என்னென்ன பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். குச்சுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் கால் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கிடுகுக்குக் கீழே அவள் கால்விரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

மறுநாளே நானே செய்வது என்று இறங்கினேன். அவளுடைய பங்கை எடுக்க மனசில்லை. அம்மாவிடம் கேட்டால் சிரிப்பாள். தோலுளுந்து வாங்கி வந்து வாணலியில் போட்டு வறுத்தேன். உள்ளே இருந்து தங்கச்சி வாசத்தை வைத்தே சொன்னாள். "இன்னும் பச்சை வாடை அடிக்கு. கிண்டு… கிண்டு… இப்ப எறக்கு. ஏ அண்ணே, எறக்குன்னா எறக்கு, கருகுது." ஒரு பிடி பச்சரிசியும் சுக்கும் வறுத்துச் சேர்த்துத் திருகையில் திரித்தேன். கருப்பட்டியைத் தட்டிக் காய்ச்சி, கல் போக வடிகட்டி, மாவில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தொட்டு உருட்ட வேண்டும். கை பொரிந்துவிட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏலே, ஒங்க அப்பா ஒன்னய இதுக்கா படிக்க வச்சாரு?"

"தபால் வேலைக்கும்மா."

"தபால் வேலைக்குத் திருகை சுத்தணும்னு எந்தப் பாடத்துல போட்டிருக்கு?"

"பாடத்துல போடலம்மா, அதான் கேட்டுக் கேட்டுச் செய்யுதான்" என்றாள் தங்கச்சி உள்ளே இருந்து.

எண்ணெய்தான் என்னைப் பாடாகப் படுத்தியது. குறைத்தால் உருண்டை உதிர்ந்து தொண்டையை அடைத்தது. கூட்டினால் சருகைத் தாண்டி வேட்டிக்கும் சட்டைக்கும் இறங்கியது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, ஒழுகினாலும் பரவாயில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று கூடுதலாகவே விட்டேன். அதன் பிறகு ஒரு நடைகூட மணிக்குப் பிந்தவில்லை. ராஜபாளையத்துக்காரர் ஒன்றிரண்டு நாள் பிந்தினார். மழையில் ஓடை பெருகிவிட்டது என்றார், ஆனால் காட்டில் முயல் கண்டால் பின்னாலேயே போய்விடுவார் என்று எஸ்டேட்டில் பேச்சு.

அவர்தான் கண்டுபிடித்தார். அவருடைய நடை முடிந்த மறுநாள் ஏதோ கேட்க ஆபீசுக்கு வந்திருந்தவர், என் இடுப்பில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். அவர் வீட்டிலும் பெண்கள் உண்டுதானே, அந்த வாசம் தெரியாதா.

"ஏம்ப்பா, ஒங்க வீட்டுல நீயா சமைஞ்சே?" என்றார்.

ரைட்டர் கையில் பேனாவோடு குலுங்கினார். தபாலாபீசிலிருந்து மூட்டை கொண்டுவந்திருந்தவரும் சிரித்தார். அடுத்த நடைக்கு நான் போனபோது, தோப்புக் காவல்காரர்கள் வரை அது போயிருந்தது. "என்ன பிள்ள, தண்ணி ஊத்தியாச்சா?" என்று ஒருவர் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார். பெண்ணுக்குச் சடங்கு கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைத்தான் கேட்கிறார். நான் காது கேட்காதவன் மாதிரி ஓடினேன். ஓடுகிறவனுக்கு அது ஒரு சௌகரியம். ஆனால் முகம் எரிந்தது. வேலையை விடவும் முடியாது, உருண்டையை விடவும் முடியாது. உருண்டை இல்லாவிட்டால் மணி தப்பும்; மணி தப்பினால் சாய்வுப் பலகை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஊர் எல்லை வரை பையைச் சும்மா தூக்கிப் போவேன். மேற்கே ஒரு புளியமரத்து மறைவில் நின்று, சுருக்கைத் தளர்த்தி, விடியற்காலையிலேயே அங்கே பொந்தில் வைத்துவிட்டு வந்த பொட்டலத்தைத் தபாலோடு உள்ளே வைத்து இறுக்கிக்கொள்வேன். மடியில் ஒன்றும் இல்லை, சட்டையில் கறை இல்லை. பங்களா நெருங்கும்போது பொட்டலம் காலியாகியிருக்கும். மூன்று நடை இப்படி நடந்தது. யாரும் கேலி பண்ணவில்லை. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதம் முடிய இரண்டு நடைதான் பாக்கி. அன்றைக்கு வீட்டில் வாழைச்சருகு தீர்ந்துவிட்டது. பழைய நோட்டுத் தாளைக் கிழித்து உருண்டையைப் பொதிந்தேன். வெயிலும் கடுமை. மூங்கில் காட்டுக்கு வந்து கையை உள்ளே விட்டால் விரல் வழுக்கியது. வெளியே எடுத்துப் பார்த்தேன். மற்ற தபாலெல்லாம் தப்பித்திருந்தது. ஒரே ஒரு உறை மட்டும் பொட்டலத்துக்கு அடியில் மாட்டி, பாதிக்கு மேல் எண்ணெயில் ஊறியிருந்தது. ரைட்டர் மேனேஜருக்கு எழுதிய உறை அது.

பள்ளிக்கூடத்தில் மேப் பிரதி எடுக்க நாங்கள் வெள்ளைத்தாளில் எண்ணெய் தடவுவோம். தாள் கண்ணாடியாகிவிடும். அடியில் இருக்கிற கோடெல்லாம் மேலே தெரியும். அந்த உறையும் அப்படித்தான் ஆகியிருந்தது. உள்ளே இருந்த கடிதத்தின் மேல் மடிப்பு பளிச்சென்று தெரிந்தது. படிக்க வேண்டும் என்று நான் படிக்கவில்லை. எழுத்துத் தெரிந்தவன் கண்ணுக்கு எழுத்தை வெறும் கோடாகப் பார்க்க வராது.

'இருவரில் இவ்வூர்ப் பையனே இப்போது காலத்தில் சேர்க்கிறான். ஆயினும் அவன் எழுத்துக் கற்றவன். நமது தபாலைச் சுமக்கிறவன் அதைப் படிக்கவும் கூடியவனாயிருப்பது நமக்கு க்ஷேமமல்ல. கைநாட்டாயிருக்கிற மற்றவனையே…'

அதற்கு மேல் மடிப்புக்குள் போய்விட்டது.

மலையில் நான் உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான். மூங்கில் வேரில் உட்கார்ந்தேன். அவர் எழுதியது பொய்யாக இருந்தால் கோபம் வந்திருக்கும். நான் இப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் பயந்ததைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த உறையைக் கொடுத்தால், கடிதம் சொல்வதற்கு உறையே சாட்சி. கொடுக்காமல் ஓடையில் விட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, எழுதினேனே கிடைத்ததா என்று ரைட்டர் கேட்கிற வரைக்கும் தெரியாது. ஓடை பத்தடி தூரத்தில் சலசலத்துக்கொண்டிருந்தது. காய்ந்த மண்ணை அள்ளி உறையில் தேய்த்துப் பார்த்தேன், எண்ணெயை இழுக்கும் என்று. எண்ணெய் போகவில்லை, சேறுதான் ஒட்டியது. இப்போது எண்ணெயும் சேறும். வேட்டி நுனியால் துடைத்தேன். எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. பொட்டலத்தை மடிக்கு மாற்றிக்கொண்டு எழுந்து ஓடினேன். உருண்டை தின்னவில்லை. பாறையில் கால் விட்டது. பிடித்துக்கொண்டு நின்றேன். பல நாளைக்குப் பிறகு அந்த மணியைக் கீழே இருந்து கேட்டேன்.

மேனேஜர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், ஐம்பது வயது இருக்கும். வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பையைக் கொடுக்காமல், உறையை மட்டும் தனியே எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"உளுந்து" என்றார். "வீட்டுல ஆருடே பெரிய மனுஷியானது?"

"தங்கச்சிங்கய்யா."

"அவளுக்குள்ளத நீ எதுக்குடே சொமக்க?"

சொன்னேன். பாறையைச் சொன்னேன், கேலியைச் சொன்னேன், பையில் ஒளித்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் நான், "கடிதத்தையும் படிச்சுட்டேங்கய்யா" என்றேன். சிரிப்பு வரவில்லை.

"எம்புட்டு?"

"மேல் மடிப்புல இருந்தது மட்டும். கண்ணுல பட்டுட்டு."

"என்னண்ணு எழுதியிருக்கு, சொல்லு."

ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, 'க்ஷேமமல்ல' வரைக்கும், 'மற்றவனையே' வரைக்கும். குரல் ஆடவில்லை, முழங்கால்தான் ஆடியது. அவர் உறையைக் கிழித்து, கடிதத்தை விரித்து, நான் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். பிறகு மீதியைத் தனக்குள் படித்தார். "மணி அடிச்சுட்டு" என்றார், அதுவும் ஒரு குற்றம் என்று நினைவுபடுத்துகிற மாதிரி. "போய் அந்தாலெ இரி."

இருக்கச் சொன்ன இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. காப்பி உலர்த்துகிற களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அங்கே காப்பி கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "யய்யா, ஒனக்கு வயித்தக் கடுக்கா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரத்தில் பை வந்தது. சுருக்கு இறுகியிருந்தது. "ரைட்டருக்குப் பதில் உள்ள இருக்கு. எண்ணெய் படாம கொண்டு போ" என்றார் மேனேஜர்.

அந்த இறக்கத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. என்னைப் பற்றின தீர்ப்பு என் முதுகிலேயே ஏறி வந்துகொண்டிருந்தது. ஓட ஓட அது முதுகில் தட்டியது. சுருக்கைத் தளர்த்த ஒரு நிமிஷம் போதும். ஆவி பிடித்தால் பசை விடும் என்று பத்திரம் எழுதுகிறவரிடம் கற்றிருந்தேன். இந்த உறையில் எண்ணெய் கிடையாது, ஆனால் என் மடியில் நாலு உருண்டை அப்படியே இருந்தது, எண்ணெய்க்கு எங்கேயும் போக வேண்டாம். இதை நினைத்ததும் எனக்கே பகீரென்றது. உருண்டையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் திணித்தேன். தின்று தீர்த்தால்தான் கை சும்மா இருக்கும் போலிருந்தது. கையை மண்ணில் தேய்த்து, ஓடையில் கழுவி, சட்டையில் துடைத்தேன். தோப்புக்கு வந்தபோது வெயில் இன்னும் உயரத்தில் இருந்தது. அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னால் இறங்கினதில்லை.

ரைட்டர் பையைக் கொட்டி, ரயிலுக்குப் போகிற தபாலைத் தனியே ஒதுக்கிவிட்டு, தன் கடிதத்தைப் பிரித்தார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் காது மடல் சிவந்தது. எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம், இரும்பு உருட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது.

"பை வாயில வளையம் தைக்கச் சொல்லியிருக்காரு. இனி பூட்டித்தான் போகும். சாவி ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு மேல."

"அப்ப நான்?"

"நீதான் சொமக்கப் போற" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மடித்துக்கொண்டே, "அந்தப் பலகாரத்த இடுப்புல கட்டிக்கிடணுமாம். எண்ணெயக் கொறைக்கணுமாம். அதயும் எழுதியிருக்காரு" என்றார்.

ராஜபாளையத்துக்காரருக்கு ரைட்டரே ஆள் அனுப்பிச் சொன்னார். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சேத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்குக் காவலாளாகப் போய்விட்டார், அங்கே முயல் அதிகம் என்று.

வீட்டில் போய்ச் சொன்னேன். வேலை கிடைத்தது என்றேன். பூட்டையும் சொன்னேன், அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பூட்டுப் போட்ட பையா?"

"ஆமா."

"பித்தளையா?"

"ஆமாப்பா."

"நாளைக்கு நம்ம தெரு வழியா கொண்டு போ" என்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "பூட்டு இருந்தாத்தானல உள்ள பெரிய சமாச்சாரம் இருக்குன்னு ஊரு மதிக்கும்" என்றார். அந்தப் பூட்டு யாருக்குப் பயந்து போட்டது என்று அவருக்கு நான் விளக்கவில்லை. எப்படி விளக்குவது? நீங்கள் என்னைப் படிக்க வைத்ததற்குப் போட்ட பூட்டு என்றா?

தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது. கிடுகுக்குள் இருந்து மெதுவாகக் கேட்டாள், "அண்ணே, இனி ஒரு வரிகூடப் படிக்க ஏலாதா?"

"ஏலாது."

"மேல் விலாசமாவது?"

"அதுவும் பைக்குள்ளதானட்டி."

கிடுகுக்குக் கீழே அவள் கால்விரல் மறுபடி மண்ணைக் கிளறியது. "அப்ப எண்ணெயக் கொறைச்சு ஒருக்க வறுப்போம். அரிசிய ஒரு பிடி கூட்டு, பிடிச்சுக்கிடும்" என்றாள். அன்றைக்கே அடுப்பை மூட்டினேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் தெரு வழியாகத்தான் போனேன். அப்பா வண்டியைப் பூட்டாமல் வாசலில் நின்றார். இடுப்பில் உருண்டைப் பொட்டலம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்கியது, யாரும் அதைப் பார்க்கவில்லை, பூட்டைத்தான் பார்த்தார்கள். தோப்பு தாண்டி ஓட ஆரம்பித்ததும் பூட்டு வளையத்தில் மோதித் தட்டத் தொடங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தட்டு. துணி சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தேன், பூட்டைத் தொட்டதாகச் சொல்லிவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷமாகிறது. உருண்டை இப்போது ஒழுகுவதில்லை, மணிக்கும் நான் பிந்துவதில்லை. அந்தத் தட்டுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது போலத்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.